பைக் பந்தய விளையாட்டுக்கு எந்தக் கன்ட்ரோலர்? ட்ரிகரை முதலில் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி நிற்கிறது. கணினியில் ரைட் 4, மோட்டோஜிபி இரண்டும் விளையாடுகிறீர்கள். இதுவரை கீபோர்டுதான். வளைவை விட்டு வெளியே வரும்போதெல்லாம் வண்டி உங்களைத் தூக்கி எறிகிறது. பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு ஸ்டீயரிங் வீல் வாங்கலாமா, பைக் ஹேண்டில்பார் போல ஏதாவது கிடைக்குமா, சாதாரணக் கன்ட்ரோலரே போதுமா, போதுமென்றால் எந்தக் கம்பெனி? கடைசி வரியில், நண்பர் தன் பழைய ப்ளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரைச் சும்மாவே தருகிறேன் என்று சொன்னதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி பெயரைக் கேட்பதுபோலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ‘நான் ஏன் விழுகிறேன், எதை வாங்கினால் விழ மாட்டேன்’ என்பதைத்தான். அதற்குப் பதில் சொன்னால் கம்பெனி விஷயம் தானாகத் தெளிந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பதினோரு ஆண்டுகளாகக் கன்ட்ரோலர் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. பைக் பந்தய விளையாட்டுகளை அதற்கும் முன்பிருந்தே ஆடுகிறேன். ஆன்லைன் பந்தயங்களில் நடுவரிசையில் முடிக்கிறவன், கோப்பை வாங்குகிறவன் அல்ல. ஆகவே மேசையில் திருகாணி கழற்றிப் பார்த்த விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். எது கைக்குச் சுகம் என்பதை என் கையளவை வைத்துத்தான் சொல்கிறேன், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கீபோர்டு. அதன் ஒரு விசைக்கு இரண்டே நிலைதான்: அழுத்தியது, அழுத்தாதது. விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரின் ட்ரிகர், அதாவது ஆள்காட்டி விரலுக்கு அடியில் வரும் அந்த நீளமான விசை, 0 முதல் 255 வரை 256 படிகளில் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. ஸ்டிக், அதாவது கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் அந்தச் சின்னக் குச்சி, இன்னும் நுட்பம், ஒவ்வொரு திசையிலும் முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் படிகள். கார் விளையாட்டில் கீபோர்டை வைத்து ஒப்பேற்றிவிடலாம், நான்கு சக்கரம் மன்னிக்கும். பைக் மன்னிக்காது. டயருக்கு இருக்கிற பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. சாய்வுக்கு முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டால் ஆக்ஸிலரேட்டருக்கு மிச்சம் கால்வாசிதான். முழுதாகச் சாய்ந்திருக்கும்போது கீபோர்டில் விசையைத் தட்டினால் முழு ஆக்ஸிலரேட்டர் போகிறது, பின்சக்கரம் வழுக்குகிறது, வழுக்கிய சக்கரம் திடீரென்று மறுபடி பிடித்துக்கொள்ளும்போது வண்டி நிமிர்ந்து ஓட்டுகிறவரை மேலே வீசுகிறது. பந்தயக்காரர்கள் இதை ஹைசைடு என்பார்கள். நீங்கள் எழுதிய ‘தூக்கி எறிகிறது’ இதுதான். விளையாட்டில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ற, பின்சக்கரம் வழுக்காமல் தடுக்கும் உதவியைக் கூட்டினால் கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனால் வேகமும் போய்விடும். எனவே உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிற விளையாட்டுக்கு, மொத்தமாக மட்டுமே கொடுக்கத் தெரிந்த கருவியோடு போயிருக்கிறீர்கள்.

ஸ்டீயரிங் வீல் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் நிஜத்தில் பைக் ஓட்டுகிறவரென்றால் இதை நாளைக்கே சோதித்துப் பார்க்கலாம்: ஓரளவு வேகம் பிடித்த வண்டியை வலப்பக்கம் திருப்ப, வலக்கைப் பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். ஹேண்டில்பார் கண நேரம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும், அந்தச் சாய்வுதான் வண்டியைத் திருப்புகிறது. பல வருடம் ஓட்டியவர்களே தாங்கள் இதைச் செய்வது தெரியாமல் செய்துகொண்டிருப்பார்கள். விளையாட்டு இந்தக் கணக்கையெல்லாம் உள்ளே தானே போட்டுக்கொள்கிறது. ஸ்டிக்கைப் பாதி தள்ளினால் ‘பாதி சாய்’ என்று எடுத்துக்கொள்கிறது. வீலுக்கு இதில் வேலையே இல்லை. ரைட், மோட்டோஜிபி இரண்டையும் செய்கிற மிலான் நகரத்து மைல்ஸ்டோன் நிறுவனம் அவற்றைக் கன்ட்ரோலர் பிடித்த கைக்காகவே வடிவமைக்கிறது. ஏதாவது மென்பொருளை இடையில் வைத்து வீலை ஸ்டிக்காக நடிக்கச் செய்யலாம்தான். ஒரு மாலை முழுவதும் அப்படிச் செய்து பார்த்தேன். ஸ்டிக்கில் கட்டைவிரல் அரை அங்குலம் நகர்வதற்கு, வீலில் இரண்டு கையும் பெரிய வட்டம் போட வேண்டியிருந்தது. இடம் வலமென்று வண்டியை மாற்றிச் சாய்க்கும் இடங்களில் என் கை எப்போதும் ஒரு வளைவு பின்தங்கியே இருந்தது.

என்னை நம்ப வேண்டாம், நிஜ வீரர்களைப் பாருங்கள். 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது மோட்டோஜிபி என்ற நிஜ உலக பைக் பந்தயத் தொடரின் வீரர்கள், இத்தாலியின் முகெல்லோ ஓடுபாதையில் ஒரு மெய்நிகர் பந்தயம் நடத்தினார்கள். அலெக்ஸ் மார்கெஸ் ஜெயித்தார். மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நிஜமாகவே போகிறவர்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் நண்பர் தருகிறேன் என்று சொல்கிற அதே வகை ப்ளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். வசதி இல்லாததால் அல்ல.

ஹேண்டில்பார் கேள்வி கொஞ்சம் சுவாரசியமானது, ஏனென்றால் அந்த ஆசை மிகப் பழையது. சேகா நிறுவனம் 1985இல் வெளியிட்ட ஹேங்-ஆன் விளையாட்டின் ஒரு வடிவத்தில், முழு உருவ பைக் பொம்மையின் மேல் ஏறி உட்கார்ந்து உடம்போடு சாய்த்து ஓட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் 1998இல் சைட்வைண்டர் ஃப்ரீஸ்டைல் ப்ரோ என்று, கையில் சாய்த்தால் திரையிலும் சாயும் ஒரு கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. கூடவே ஒரு மோட்டோகிராஸ் விளையாட்டையும் கொடுத்தது. ப்ளேஸ்டேஷன் 3 காலத்திலும் இதே முயற்சி நடந்தது. எதுவும் நிலைக்கவில்லை. காரணம் எளிது. நிஜ பைக் சாயும்போது புவியீர்ப்பு உடம்பை இழுக்கிறது, வளைவின் விசை அதைத் தாங்கிப் பிடிக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதை இடுப்பு உணர்கிறது. மேசையில் திருகி வைத்த ஹேண்டில்பாரில் இது எதுவும் இல்லை. அதைவிட மோசம், வலப்பக்கம் போக வலப்பிடியைத் தள்ளிப் பழகிய நிஜ ஓட்டுநரின் கை அங்கே ஏமாறுகிறது, ஏனென்றால் பெரும்பாலான இத்தகைய கருவிகளில் சைக்கிள் ஓட்டும் குழந்தைபோல வலப்பக்கம் திருப்பினால்தான் வலப்பக்கம் போகும். முறுக்கும் ஆக்ஸிலரேட்டர் பிடி மட்டும் உண்மையிலேயே இன்பமானது, அதை மறுக்க மாட்டேன். ஜிபி பைக்ஸ் போன்ற கணினி சிமுலேட்டர்களில் முன் பிரேக், பின் பிரேக், ஓட்டுநரின் உடல் சாய்வு என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டுப்பாடாகக் கொடுக்கலாம். அங்கே சொந்தமாகக் கருவி செய்து ஆடுகிறவர்கள் உண்டு. அது தனி நோய். பத்தாயிரத்தில் தொடங்குகிற ஒருவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, கன்ட்ரோலர். எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லும் முன், ஒரே ஒரு வளைவில் விரல்கள் என்ன செய்கின்றன என்று காட்டுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். அதே முகெல்லோவை எடுத்துக்கொள்வோம். நேர்பாதை 1.1 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2023இல் பிராட் பைண்டர் நிஜப் பந்தயத்தில் அங்கே மணிக்கு 366.1 கிலோமீட்டரைத் தொட்டார். அது முடிகிற இடத்தில் சான் டொனாட்டோ என்ற வலது வளைவு, அங்கே வேகம் ஏறக்குறைய நூறுக்கு இறங்கியாக வேண்டும். இட ஆள்காட்டி விரல் முன் பிரேக் ட்ரிகரை ஆழமாக அழுத்துகிறது. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கிறது. விரலை ஒரு நூல் தளர்த்துகிறேன். இப்போது அதே இடக்கையின் கட்டைவிரல் ஸ்டிக்கை வலப்பக்கம் கொண்டுபோகத் தொடங்குகிறது. கட்டைவிரல் எவ்வளவு போகிறதோ அவ்வளவு ஆள்காட்டி விரல் பிரேக்கை விட வேண்டும். ஒரே கையில் இரண்டு விரல்கள் எதிரெதிராகப் போகின்றன, இரண்டும் மெதுவாக. ஸ்டிக் விளிம்பைத் தொடும்போது பிரேக் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். அரை நொடி எதையும் அழுத்தாமல் வண்டி உருள்கிறது. பிறகு வல ஆள்காட்டி விரல் பத்தில் ஒரு பங்கு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிறது, பொறுக்கிறது, இன்னும் கொஞ்சம், ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பத் திருப்ப ட்ரிகர் ஆழமாகிறது. வண்டி நிமிர்ந்த பிறகுதான் முழு அழுத்தம். நீங்கள் விழுவது இந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையிலான பயணத்தில். எனவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வலது ட்ரிகர். இரண்டாவது இடது ஸ்டிக். மற்றதெல்லாம் அலங்காரம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் வரிசையில் பின்னால்தான் நிற்கும்.

ட்ரிகரில் முதல் கேள்வி, அது உண்மையிலேயே படிப்படியாக அழுந்துகிறதா என்பது. எல்லாக் கன்ட்ரோலரிலும் அப்படி இல்லை. நின்டெண்டோ ஸ்விட்சின் ப்ரோ கன்ட்ரோலர் கைக்கு அருமையானது, கட்டுமானமும் நன்று, ஆனால் அதன் ட்ரிகருக்கு ஆம், இல்லை என்ற இரண்டே நிலைதான். பைக் பந்தயத்துக்கு அது வேறு வடிவில் வந்த கீபோர்டு. மலிவான கன்ட்ரோலர்களிலும் இந்தக் கதை உண்டு. சில வருடம் முன் ஒரு கடையில், பெரிய கம்பெனியின் முத்திரையோடு பாதி விலைக்கு விற்ற ஒன்றை நானே வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் ட்ரிகருக்கு அடியில் தொலைக்காட்சி ரிமோட்டில் இருப்பதுபோல ஒரு ரப்பர் பொத்தான், அவ்வளவுதான். இத்தனை வருடம் இதே வேலை செய்கிற ஆளுக்கே அந்தக் கதி.

இரண்டாவது, பயண நீளம். ட்ரிகர் எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது, ஒவ்வொரு படிக்கும் விரலுக்கு இடம் கிடைக்கும். துப்பாக்கி விளையாட்டுக்காரர்கள் இதற்கு நேர்மாறாகக் கேட்பார்கள். தொட்டவுடன் சுட வேண்டும் அவர்களுக்கு. அதனால்தான் விலை உயர்ந்த பல கன்ட்ரோலர்களில் ட்ரிகரின் பயணத்தைக் குறைக்கும் பூட்டு ஒன்று பின்னால் இருக்கும். விளம்பரத்தில் அதைப் பெரிதாகப் போடுவார்கள். உங்களுக்கு அது பயனில்லாத செலவு. கவனிக்காமல் பூட்டு போட்ட நிலையில் ஆடிவிட்டு, ட்ரிகர் பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது ஸ்பிரிங். மிகத் தளர்வாக இருந்தால் விரலின் எடையே ஆக்ஸிலரேட்டர் கொடுத்துவிடும், மிக இறுக்கமாக இருந்தால் அரை மணி நேரப் பந்தயத்தில் விரல் மரத்துப்போகும். இதற்கு எண் சொல்ல முடியாது, கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இடது ஸ்டிக்கில் இரண்டு நோய்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த நகர்வு, கையை எடுத்த பிறகும் ஸ்டிக் ஒரு பக்கம் தள்ளியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பது. பழைய முறையில் ஸ்டிக்கின் அடியில் கரிப்பூச்சு மேல் ஒரு உலோக நாக்கு உரசுகிறது. உரசி உரசிப் பூச்சு தேய்கிறது, சமிக்ஞை தள்ளாடுகிறது. புதிய கன்ட்ரோலர்கள் பலவற்றில் உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்து அளக்கிறார்கள். ஹால் எஃபெக்ட் என்று பெட்டியில் எழுதியிருப்பது அதைத்தான். ஒன்றும் புதிதல்ல, எட்வின் ஹால் அந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879இல், சேகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலர் 1998லேயே அதைப் பயன்படுத்தியது. டிஎம்ஆர் என்று இப்போது வருவதும் காந்த வகையே. இவை நீண்ட நாள் உழைக்கும் என்பது உறுதி. ஆனால் ஹால் எஃபெக்ட் என்றாலே துல்லியம் என்று நினைத்துவிடாதீர்கள். காந்த ஸ்டிக் வைத்த மலிவுக் கன்ட்ரோலர் ஒன்றில், நடுவிலிருந்து கால்வாசி தூரம் தள்ளும்வரை எதுவும் நடக்காது, பிறகு திடீரென்று வண்டி படுத்துக்கொள்ளும். தேய்மானமே இல்லாத ஸ்டிக், ஆனால் உள்ளே எழுதிய நிரல் மோசம். அதுதான் இரண்டாவது நோய். நடுவில் இருக்கும் அந்தச் செத்த பகுதியை டெட்ஸோன் என்பார்கள். சான் டொனாட்டோ முடிந்தவுடன் லூகோ, பொஜ்ஜோ செக்கோ என்று இடமும் வலமுமாக இரண்டு வளைவுகள் வருகின்றன. ஸ்டிக் நடுவைக் கடந்து மறுபக்கம் போகும்போது டெட்ஸோன் பெரிதாக இருந்தால் வண்டி ஒரு கணம் அநாதையாக நிற்கும், பிறகு சரிந்து விழுவதுபோல மறுபக்கம் போகும்.

இதை வாங்கும் கடையிலேயே சோதிக்கலாம். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் அமைப்புகள் என்று ஒரு சின்ன சாளரம் இருக்கிறது. தொடக்கப் பட்டியில் ‘ஜாய்’, புள்ளி, ‘சிபிஎல்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் திறக்கும். கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளைத் திறந்தால் ஒரு பெட்டிக்குள் கூட்டல் குறியும் பக்கத்தில் பட்டைகளும் தெரியும். மனதுக்குள் ஒன்று முதல் பத்து வரை மெதுவாக எண்ணிக்கொண்டே ட்ரிகரை அழுத்துங்கள். பட்டை உங்கள் எண்ணிக்கையோடு சேர்ந்து நகர வேண்டும். மூன்று எண்ணும்வரை சும்மா இருந்துவிட்டு நான்கில் பாதிக்குத் தாவினால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் வகையில் இந்தச் சாளரம் இரண்டு ட்ரிகரையும் ஒரே பட்டையில் காட்டும், ஒன்று ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் இழுக்கும், அது பழுதல்ல. ஸ்டிக்கை மில்லிமீட்டர் அளவில் தள்ளி, குறி எப்போது நகர ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பிறகு வலது விளிம்பு வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள். குறி நடுவில் வந்து நிற்க வேண்டும். நடுவைத் தாண்டி இடப்பக்கம் எட்டிப் பார்த்துத் திரும்பினால், பந்தயத்தில் வண்டி அதே போலத் தலையாட்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

ஸ்டிக் மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பது, அதாவது எக்ஸ்பாக்ஸ் அமைப்பா ப்ளேஸ்டேஷன் அமைப்பா என்பது, தீராத சண்டை. இடக் கட்டைவிரல் பந்தயம் முழுக்க ஸ்டிக்கை விட்டு எழுவதில்லை என்பதால், கட்டைவிரல் இயல்பாக விழும் மேல் இடத்தில் ஸ்டிக் இருப்பது எனக்குச் சுகம். ஆனால் நான் மேலே சொன்ன மெய்நிகர் பந்தயம் கீழே ஸ்டிக் இருக்கும் கன்ட்ரோலரில்தான் நடந்தது. இது பழக்கம், விஞ்ஞானம் அல்ல. ஸ்டிக்கின் தலையில் பொருத்தும் உயரக் குமிழ் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்வேன்: தண்டு நீண்டால் அதே கோணத்துக்குக் கட்டைவிரல் அதிக தூரம் நகர வேண்டும், எனவே நுணுக்கம் கூடும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் இது பல ஆயிரம் ரூபாய்க் கன்ட்ரோலரைவிட அதிகம் உதவும் இடங்கள் உண்டு. ஐல் ஆஃப் மேன் தீவின் பொதுச் சாலைகளில் நடக்கும் டிடி பந்தயத்தின் விளையாட்டில் ஒரு சுற்று மட்டுமே ஏறக்குறைய 60 கிலோமீட்டர், கல்சுவர்களுக்கு நடுவே, முழுக்கச் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். அங்கே குமிழ் இல்லாமல் நான் ஆடுவதில்லை.

பின்பக்கப் பொத்தான்கள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கியரைக் கையால் மாற்றத் தொடங்கியபின்தான் அவற்றின் அருமை தெரியும். வலக் கட்டைவிரல் ஒரே நேரத்தில் கியர், பின் பிரேக், ஓட்டுநரின் உடல் அசைவு என்று மூன்று வேலைக்கு ஓடும்போது ஒன்றிரண்டைப் பின்விரலுக்குக் கொடுக்கலாம். தொடக்கத்தில் முன், பின் பிரேக்கை இணைத்து வைத்தும் கியரைத் தானியங்கியாக வைத்தும் ஆடுங்கள், பொத்தான் பஞ்சமே வராது.

அதிர்வு விஷயத்தில் ப்ளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் தனி ரகம். அதன் ட்ரிகருக்குள் மோட்டார் இருக்கிறது. விளையாட்டு கேட்டால் ட்ரிகர் தானே இறுகும், துடிக்கும். பிரேக் பூட்டிக்கொள்ளும் தருணத்தை விரலே உணர்வது அழகான அனுபவம். கணினியில் இந்த வசதி எல்லா விளையாட்டிலும் கிடைக்காது, கிடைக்கும் விளையாட்டிலும் பெரும்பாலும் கம்பி வழியாக இணைத்தால்தான் வேலை செய்யும். இதனால் வேகம் கூடுமா என்று கேட்டால், எனக்குக் கூடவில்லை. நீண்ட பந்தயத்தில் நான் அதை அணைத்துவிடுகிறேன், விரல் வலிக்கிறது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். கம்பியா, கம்பியில்லாததா என்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நொடிக்கு 125 முறை செய்தி அனுப்பும் கன்ட்ரோலர் 8 மில்லிநொடிக்கு ஒரு முறை பேசுகிறது. 1,000 முறை என்று விளம்பரம் செய்வது 1 மில்லிநொடிக்கு ஒரு முறை. கணக்கு சரிதான். அந்த ஏழு மில்லிநொடியை நம் தரத்து ஆட்டக்காரரின் விரல் உணர்கிறது என்பதை நான் நம்பவில்லை.

இனி பெயர்கள். கணினிக்குப் புதிதாக ஒன்று வாங்குவதென்றால், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். விண்டோஸ் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், விளையாட்டு எந்தத் தகராறும் செய்யாது, ட்ரிகரின் பயணம் நீளம். ட்ரிகருக்குள் காந்த உணரிதான், அதனால் என் மேசைக்கு ட்ரிகர் பழுதென்று அது வருவது அரிது. ஸ்டிக் மட்டும் பழைய உரசல் வகை, வருடக்கணக்கில் அடித்து ஆடினால் தேயும். ஸ்டிக்கும் காந்தமாக இருக்க வேண்டும், கம்பி இருந்தால் பரவாயில்லை என்றால் கேம்சர் ஜி7 எஸ்இ அதைவிடக் குறைந்த விலையில் அந்த வேலையைச் செய்கிறது. வீட்டில் ப்ளேஸ்டேஷன் 5உம் இருந்தால் டூயல்சென்ஸ் இரண்டுக்கும் ஆகும். இவற்றில் எதுவானாலும் உங்கள் பத்தாயிரத்தில் மிச்சம் இருக்கும். எது வாங்கினாலும் பெட்டியின் வரிசை எண்ணையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். போலிகள் வெளித்தோற்றத்தில் இப்போது மிக நன்றாக வந்துவிட்டன.

ஆனால் நாளைக்கே கடைக்கு ஓடாதீர்கள். நண்பர் தருகிறேன் என்ற ப்ளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் ட்ரிகர் எக்ஸ்பாக்ஸைவிடக் குட்டை, அது ஒரு குறைதான், ஆனால் படிப்படியாக அழுந்தும் ட்ரிகர். கணினி விளையாட்டுகளை வாங்கவும் திறக்கவும் உதவும் ஸ்டீம் மென்பொருள் வழியாக விளையாட்டைத் திறந்தால் கணினி அதை ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன பத்து எண்ணும் சோதனையைச் செய்து பாருங்கள். பழையவற்றில் ட்ரிகர் தாவினால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின்தடத் தகட்டில் அழுக்கு ஏறியிருக்கும். துடைத்தாலே சரியாகிவிடுவது வழக்கம், பழுதுபார்க்கிறவருக்குக் கால் மணி நேர வேலை. ஸ்டிக் லேசாக நகர்ந்தால் ஸ்டீமில் டெட்ஸோனைக் கொஞ்சம் கூட்டுங்கள், நகர்வு நிற்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள். முதல் மூன்று நாள் சிறிய வண்டிகளை, 600 சிசிக்கு மேல் போகாமல், ஒரே ஓடுபாதையில் ஓட்டுங்கள். வளைவை விட்டு வெளியே வரும்போது ட்ரிகரைப் பாதிக்கு மேல் அழுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டால் விழுவது எவ்வளவு குறைகிறது என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இரண்டு வாரம் ஆடியபின் ட்ரிகரின் குட்டைப் பயணம் உங்களைத் தடுக்கிறது என்று விரலுக்கே தோன்றினால் அப்போது பணத்தை எடுங்கள். இன்னொன்று, அந்தக் கன்ட்ரோலருக்கு மைக்ரோ யுஎஸ்பி கம்பி வேண்டும். பழைய கைப்பேசி சார்ஜரோடு வந்த கம்பி சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. விளக்கு எரிகிறது, கணினி மட்டும் கண்டுகொள்ளவில்லை என்றால் கன்ட்ரோலரைத் திட்டாமல் கம்பியை மாற்றிப் பாருங்கள்.